குழந்தை மெதுவாக நடக்கவில்லை

ஒன்றரை வயதுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும், அந்த நூறு மீட்டர் எவ்வளவு நீளம் என்று. பக்கத்து வீட்டு வாசலில் கோலம் இருந்தால் குழந்தை நிற்கும். கோலமாவை இழுத்துக்கொண்டு போகும் எறும்பு கண்ணில் பட்டால் உட்கார்ந்துவிடும். சாக்கடை மூடியின் ஓட்டைக்குள் ஒரு கல்லைப் போட்டுச் சத்தம் கேட்கும், உடனே அடுத்த கல்லைத் தேடும். எதிரே நாய் வந்தால் வந்த வழியே நாலு எட்டு திரும்பும். கூட வரும் அம்மாவோ தாத்தாவோ "வாடா கண்ணு, நேரமாச்சு" என்று பல தடவை சொல்லிப் பார்ப்பார்கள். பிறகு இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். குழந்தை கத்தும். கடை வந்துவிடும்.

குழந்தை மெதுவாக நடக்கிறது, ஆகவே பெரியவர்கள் பொறுமையாக இருக்க வேண்டும் என்பதுதான் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை. அந்த அறிவுரையின் முதல் பாதி தவறு.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் என்ற உளவியலாளர், குழந்தைகள் நடக்கக் கற்பதையே பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். 12 முதல் 19 மாதம் வரையிலான குழந்தைகளை இஷ்டம்போல் விளையாட விட்டு, வீடியோவில் பதிந்து, ஒவ்வொரு காலடியையும் எண்ணி, அவரும் குழுவினரும் 2012இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 2,368 காலடிகள்; 701 மீட்டர் தூரம்; 17 முறை விழுதல். வகுத்துப் பார்த்தால் ஒரு காலடிக்கு 30 சென்டிமீட்டர்கூட வரவில்லை. பெரியவர் ஒருவர் மணிக்கு 17 முறை விழுந்தால் மறுநாள் எலும்பு மருத்துவரிடம்தான் போக வேண்டியிருக்கும். குழந்தை எழுந்து, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அடுத்த காலடியை வைக்கிறது. இதைச் சோம்பல் என்றோ தாமதம் என்றோ யாரும் சொல்ல முடியாது. கடும் உழைப்பு இது.

அதே ஆய்வகத்திலிருந்து 2019இல் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு இதைவிடச் சுவையாகப் படுகிறது. 15 மாதக் குழந்தைகளில் சிலரை விளையாட்டுச் சாமான்கள் நிறைந்த அறையிலும் சிலரை ஒன்றுமே இல்லாத அறையிலும் விட்டார்கள். சாமான் இருக்கும் அறையில்தான் அதிகம் நடப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்ப்போம். ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் இரண்டு அறைகளிலும் குழந்தைகள் நடந்த அளவு ஒன்றாகவே இருந்தது. சாமான் இருந்த அறையில் தாயை விட்டுச் சற்று விலகிப் போனார்கள், புதுப் புது மூலைகளை எட்டிப் பார்த்தார்கள். வெற்றறையில் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். நடப்பதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்படவில்லை. இடம் இருந்தால் போதுமானதாக இருந்தது.

நாம் நடப்பது போய்ச் சேர்வதற்காக. குழந்தைக்குப் பெரும்பாலான நேரம் போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று கிடையாது. கடையை மனத்தில் வைத்து அளந்தால்தான் அதன் நடை மெதுவாகத் தெரியும். நிமிடத்துக்கு எத்தனை பொருளைத் தொட்டது, எத்தனை முறை குனிந்தது, எத்தனை முறை தரையின் மேடு பள்ளத்துக்கு ஏற்பக் காலை மாற்றி வைத்தது என்று அளந்தால், மந்தமாக இருப்பவர் பின்னால் நிற்கும் பெரியவர்.

அந்த நடையில் குழந்தைக்கு என்ன தெரிகிறது என்பதை இப்போது ஓரளவு அறிய முடிகிறது. தலையில் பொருத்தும் சின்னஞ்சிறு கேமராக்களும், கண்மணியின் அசைவைப் பதியும் கருவிகளும் கடந்த இருபது ஆண்டுகளில் இந்தத் துறையையே மாற்றிவிட்டன. 2014இல் வெளிவந்த ஆய்வொன்றில் 13 மாதக் குழந்தைகளுக்கு அத்தகைய கருவியை மாட்டினார்கள். ஒரே வயது, ஆனால் சிலர் இன்னும் தவழ்பவர்கள், சிலர் நடக்கத் தொடங்கியவர்கள். தவழும் குழந்தையின் பார்வையில் பெரும்பகுதி தரை. எதிரே நிற்கும் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அது நின்று, கழுத்தை நிமிர்த்தி, பல நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். எழுந்து நடக்கும் குழந்தைக்கு அறை முழுவதும் கண்ணில் விழுகிறது. ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், இரண்டு வெவ்வேறு உலகங்கள்.

இந்தியானா பல்கலைக்கழகத்தில் லிண்டா ஸ்மித்தும் சென் யூவும் செய்த ஆய்வுகள் இன்னொன்றைக் காட்டின. ஒன்றரை வயதுக் குழந்தையின் கை குட்டை. கையில் எடுக்கும் எந்தப் பொருளும் முகத்துக்கு வெகு அருகில் வந்துவிடும். வந்ததும் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். நமக்கு மேஜை மேல் ஒரு டம்ளர், ஒரு கரண்டி, ஒரு பிஸ்கட் பாக்கெட் எல்லாம் ஒருசேரத் தெரிகின்றன. குழந்தை கரண்டியை எடுத்த கணத்தில் அதன் பார்வையை அந்தக் கரண்டியே நிறைத்துவிடுகிறது. அப்படிக் கண் நிறையப் பொருள் இருக்கும் தருணத்தில் அதன் பெயரைச் சொன்னால் குழந்தை அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்கிறது என்பதும் 2012இல் தெரிந்தது. கையில் கிடைத்ததையெல்லாம் மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு முறைக்கும் அந்தப் பழக்கம், பெரியவர் மேஜையைப் பார்த்துப் பேசுவதைவிட அதற்கு அதிகம் கற்றுக் கொடுக்கிறது.

கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளிடம் நிலைமை வேறு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் பிளெபனெக், விளாடிமிர் ஸ்லுட்ஸ்கி இருவரும் 2017இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. திரையில் சிவப்பு வடிவம் ஒன்று, பச்சை வடிவம் ஒன்று, ஒன்றன்மேல் ஒன்றாக. ஒரு நிறத்தை மட்டும் கவனியுங்கள் என்று சொல்லப்பட்டது. கொஞ்ச நேரம் கழித்து வேறு திரை. ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேள்வி. கவனிக்கச் சொன்ன வடிவத்தில் வந்த மாற்றத்தைப் பெரியவர்கள் 94 சதவீதம் கண்டுபிடித்தார்கள். 4, 5 வயதுக் குழந்தைகள் 86 சதவீதம். எதிர்பார்த்ததுதான். ஆனால் கவனிக்க வேண்டாத வடிவத்தில் வந்த மாற்றத்தைக் குழந்தைகள் 77 சதவீதம் கண்டார்கள். பெரியவர்கள் 63 சதவீதமே. பாலர் பள்ளியில் ஆசிரியை எழுத்தைக் காட்டும்போது சுவரில் ஊரும் பல்லியைப் பார்க்கும் குழந்தையைக் 'கவனமில்லாதது' என்று புகார்ப் புத்தகத்தில் எழுதுகிறோம். அதற்குக் கவனம் இருக்கிறது. ஆசிரியை விரும்பிய இடத்தில் மட்டும் இல்லை.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் அலிசன் கோப்னிக் இதற்கு ஓர் உவமை சொல்கிறார்: பெரியவரின் கவனம் டார்ச் லைட், குழந்தையின் கவனம் அரிக்கேன் விளக்கு. முன்னது ஓரிடத்தில் கூர்மையாக விழும். பின்னது நாலாபுறமும் மங்கலாகப் பரவும். பரவுவதில் ஆதாயமும் உண்டு. அவரும் சக ஆராய்ச்சியாளர்களும் 2014இல் வெளியிட்ட சோதனையில், சில கட்டைகளை மேலே வைத்தால் விளக்கெரிந்து பாட்டுப் பாடும் பெட்டி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். ஒரு கட்டையால் மட்டும் பெட்டி இயங்காது, குறிப்பிட்ட இரண்டு கட்டைகள் சேர்ந்தால்தான் இயங்கும் என்ற வழக்கத்துக்கு மாறான விதியைக் கல்லூரி மாணவர்களைவிடப் பாலர் பள்ளிக் குழந்தைகள் எளிதாகப் பிடித்தார்கள். 'ஒரு காரணம், ஒரு விளைவு' என்று வாழ்க்கை கற்றுக் கொடுத்த பாடத்தை மாணவர்களால் கழற்றி வைக்க முடியவில்லை. குழந்தைகளுக்கு இன்னும் அந்தப் பாடமே நடத்தப்படவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு "நாமும் குழந்தையின் கண்ணால் பார்ப்போம்" என்று கிளம்புகிறவர்கள் நிறைய. வாழ்த்து அட்டைகளும் வார இறுதி வகுப்புகளும் அதைத்தான் விற்கின்றன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முடியாத காரியம் என்பதற்கு நேரடியான ஆதாரங்களே இருக்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பொருளின் மேல் விழும் வெளிச்சம் மாறுவதால் படத்தில் உண்டாகும் நுண்ணிய வேறுபாடுகளை 3, 4 மாதக் குழந்தைகள் கண்டுகொள்வதைக் காட்டியது. பெரியவர்களுக்கு அந்த வேறுபாடு தெரிவதே இல்லை. நம் மூளை 'வெளிச்சம்தான் மாறியது, பொருள் அதேதான்' என்று முடிவு கட்டி அதைத் தள்ளிவிடுகிறது. ஐந்தாம் மாதத்திலேயே குழந்தையும் அந்தத் திறனை இழந்துவிடுகிறது.

காதுக்கும் இதே கதைதான். ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற கனடிய ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வு இன்று பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகள், இந்தியில் உள்ள த, ட ஒலிகளைத் தெளிவாகப் பிரித்து உணர்ந்தார்கள். 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. தமிழ் வீட்டில் பிறந்திருந்தால் போயிருக்காது, ஏனென்றால் நாள் முழுவதும் இரண்டு ஒலிகளும் காதில் விழும். வீட்டில் பயன்படாத வேறுபாட்டைக் கைவிடுவதுதான் ஒரு மொழிக்குள் நுழைவதற்கான கட்டணம். அதைக் கட்டிவிட்டவர்கள் திரும்பக் கேட்டு வாங்க முடியாது. வாங்கினால் ஒரு வாக்கியத்தையும் ஒழுங்காகக் கேட்க முடியாது, சாலையையும் கடக்க முடியாது.

ஆக, குழந்தையின் கண் நமக்குக் கிடைக்கப்போவதில்லை. குழந்தை எதைப் பார்க்கிறது என்று பார்ப்பது மட்டும் முடியும். அது முழுக்க முழுக்கப் பெரியவருக்குரிய திறமை. நிதானமும், குறிப்பேடும், கொஞ்சம் பிடிவாதமும் வேண்டும்.

அந்தத் திறமை உள்ளவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின். மூத்த மகன் வில்லியம் 1839 டிசம்பரில் பிறந்தபோது, பவளத் திட்டுகளையும் மண்புழுக்களையும் கவனித்த அதே கண்ணோடு அவர் தொட்டிலருகே உட்கார்ந்து குறிப்பெடுத்தார். மனைவி எம்மாவும் அதே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். 37 ஆண்டுகள் கழித்து, 1877இல், 'மைண்ட்' என்ற இதழில் அந்தக் குறிப்புகள் சிறு கட்டுரையாக வந்தன. ஐந்து மாதத்தில் தொப்பியும் மேலங்கியும் போட்டுவிட்டு உடனே வெளியே தூக்கிக்கொண்டு போகாவிட்டால் பையனுக்குக் கோபம் வந்தது என்று அதில் இருக்கிறது. ஒன்பது மாதம் முடிந்த சில நாட்களில், எதிர்ச் சுவரில் நிழல் விழுந்தால் அதற்குக் காரணமான கை பின்னால் இருக்கும் என்று யாரும் சொல்லித் தராமலே திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டான் என்றும் இருக்கிறது. நிழலைப் பார்த்துத் திரும்பும் குழந்தையை எல்லோரும் பார்த்திருப்போம். எந்த நாளில் அது முதல் தடவை திரும்பியது என்று எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

ஸ்விட்சர்லாந்தின் ழான் பியாஜே இன்னும் நெருங்கிப் பார்த்தார். ஜாக்லின், லூசியென், லோரான் என்ற தன் மூன்று குழந்தைகள்தான் அவருடைய ஆய்வகம். மனைவி வாலந்தின் ஷாத்னே கூடவே இருந்து குறிப்பெடுத்தார். 1936இல் வந்த அவருடைய நூலில், லோரானுக்குப் பத்து மாதம் பதினோரு நாள் ஆனபோது எழுதிய ஒரு குறிப்பு இருக்கிறது. பையன் மல்லாந்து படுத்திருக்கிறான். ஒரு செல்லுலாய்டு அன்னம், ஒரு பெட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்து, கையை நீட்டிக் கீழே விடுகிறான். ஒரு முறை கையை நேர் மேலே தூக்கி விடுகிறான். ஒரு முறை சாய்த்து விடுகிறான். ஒரு முறை கண்ணுக்கு முன்னால், ஒரு முறை பின்னால். தலையணை மேல் விழுந்தது போல ஏதாவது புது இடத்தில் விழுந்துவிட்டால், அதே இடத்தில் இரண்டு மூன்று தடவை மறுபடி போட்டுப் பார்க்கிறான். பிறகுதான் கையின் நிலையை மாற்றுகிறான். ஒரு தடவை அன்னம் வாய்க்கு அருகிலேயே விழுந்துவிட்டது. வழக்கமாக அவன் சப்பும் பொருள் அது. அன்றைக்குச் சப்பவில்லை. வாயை மட்டும் லேசாகத் திறந்துவிட்டு, திரும்ப எடுத்து இன்னும் மூன்று முறை போட்டான். ஆராய்ச்சி நடக்கும்போது சாப்பாட்டுக்கு நேரமில்லை.

கஞ்சிக் கிண்ணத்தையும் கிலுகிலுப்பையையும் கீழே தள்ளும் குழந்தைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'சேட்டை'. பத்துத் தடவை எடுத்துக் கொடுத்துவிட்டு, பதினோராவது தடவை முதுகில் ஒன்று வைப்பவர்களும் உண்டு. 2015இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் எய்மி ஸ்டால், லிசா ஃபைகன்சன் இருவரும் 11 மாதக் குழந்தைகளுக்கு இரண்டு பொய்க் காட்சிகளைக் காட்டினார்கள். ஒன்றில் பந்து சுவரை ஊடுருவிப் போவதுபோல் தெரிந்தது. மற்றதில் சின்னக் கார் பலகையின் விளிம்பைத் தாண்டிக் காற்றில் நின்றது. பிறகு அந்தப் பொருளையே கையில் கொடுத்தார்கள். சுவரை ஊடுருவிய பந்தைக் குழந்தைகள் மேஜையில் தட்டிப் பார்த்தார்கள். காற்றில் நின்ற காரைக் கீழே போட்டுப் பார்த்தார்கள். எந்தச் சந்தேகமோ அதற்கேற்ற சோதனை.

மரியா மாண்டிசோரியிடம் இருக்கும் காட்சி எனக்குப் பிடித்தது. 'தி சீக்ரெட் ஆஃப் சைல்டுஹுட்' என்று ஆங்கிலத்தில் அறியப்படும் நூலில் அதைச் சொல்கிறார். மொட்டை மாடி போன்ற ஒரு தளம். நல்ல வெயில். கண்ணைப் பறிக்கும் ஜெரேனியப் பூக்கள். பதினைந்து மாதப் பெண் குழந்தை ஒன்று செங்கல் தளத்தில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறது. பூவைப் பார்த்து அல்ல, தரையைப் பார்த்து. மாண்டிசோரி அருகே போய்ப் பார்க்கிறார். செங்கல்லைத் தவிர ஒன்றுமில்லை. இன்னும் குனிகிறார். செங்கல் நிறத்திலேயே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் ஒரு பூச்சி வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் வயதில் குழந்தைகளுக்குப் பளிச்சென்ற பொருட்களைவிட, பெரியவர் கவனத்தில் விழாத நுண்ணிய பொருட்கள் மீதுதான் மோகம் என்று அவர் முடிவுக்கு வந்தது இப்படிப்பட்ட குனிதல்களால்தான். அந்த இடத்தில் பூவைக் கிள்ளி "இங்க பாரு செல்லம், பூ" என்று கையில் கொடுத்திருப்பது எளிது. பெரும்பாலோர் அதைத்தான் செய்வோம்.

மாண்டிசோரிக்கும் நம் ஊருக்கும் உள்ள தொடர்பு பலருக்கும் தெரியும். 1939இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் பயிற்சி வகுப்பு நடத்த மகன் மாரியோவுடன் வந்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும் இருவரும் பிரிட்டிஷ் அரசின் கண்ணில் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோவை முகாமில் அடைத்தார்கள். தாயின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி 1940 ஆகஸ்டில் அவரை விடுவித்தார்கள். 1946 வரை மாண்டிசோரியால் ஐரோப்பா திரும்ப முடியவில்லை. அந்த ஆண்டுகளில் ஒரு பகுதியைக் கொடைக்கானலில் கழித்தார். செடி கொடிகளையும் பூச்சிகளையும் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்திக் கற்பிக்கும் முறையை அவர் விரிவாக உருவாக்கியது அந்த மலையில்தான். இன்று நம் ஊர்களில் 'மாண்டிசோரி' என்று பலகை மாட்டிய எத்தனை பள்ளிகளில் குழந்தை தரையில் உட்கார்ந்து எதையாவது பார்த்துக்கொண்டிருக்க அரை மணி நேரம் விடுவார்கள் என்பது தனிக் கேள்வி.

தமிழ் இலக்கியத்துக்குக் குழந்தையைப் பார்ப்பதில் பழுத்த அனுபவம் உண்டு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை மூன்றாம் மாதத்தில் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை வகுக்கும் மரபு இருக்கிறது. ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, கையூன்றித் தலை நிமிர்த்தும் செங்கீரை. கை தட்டும் சப்பாணி. எட்டு வைத்து வரும் வாரானை. இன்றைய குழந்தை மருத்துவர் சுவரில் ஒட்டியிருக்கும் வளர்ச்சி அட்டவணையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் வியப்பு வரும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைத்தமிழில் புலவர் பார்ப்பது அரசனை அல்லது தெய்வத்தை. குழந்தை அதற்கு ஒரு வேடம். குழந்தை அழகாக இருக்கிறது, ஆனால் அது எதைப் பார்க்கிறது என்பது அதிகம் வருவதில்லை. அம்புலிப் பருவத்தில்கூட நிலவைக் காட்டுவது பெரியவர். புறநானூற்றின் 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடை நம்பி காட்டும் குழந்தை இதற்கு விலக்கு. குறுநடை போட்டு வந்து, சோற்றில் கைவிட்டு, இட்டு, தொட்டு, கடித்து, பிசைந்து, மேலெல்லாம் பூசிக்கொள்ளும் அந்தக் குழந்தையை வினைச்சொற்களாலேயே பின்தொடர்ந்திருக்கிறார். துடைத்துவிட யாரும் குறுக்கே வரவில்லை. பாட்டு முடியும் இடம் தந்தையின் இன்பம்தான் என்றாலும், நடுவில் உள்ள சில வரிகளில் குழந்தையின் கை போன போக்கில் புலவரின் கண்ணும் போகிறது.

குழந்தையின் பார்வையைப் பின்தொடர்வதற்கும் அதைத் திருப்புவதற்கும் உள்ள வேறுபாடு வெறும் ரசனைச் சமாச்சாரம் கிடையாது. மைக்கேல் டோமசெல்லோவும் மைக்கேல் ஃபாரரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்த பொருளின் பெயரைப் பெரியவர் சொன்னபோது குழந்தை அந்தச் சொல்லை நன்றாகக் கற்றது. கவனத்தைத் திருப்பி வேறு பொருளைக் காட்டிச் சொன்ன சொல் அவ்வளவாக நிற்கவில்லை. 2016இல் சென் யூவும் லிண்டா ஸ்மித்தும் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: ஒரு வயதுக் குழந்தை பார்க்கும் பொருளைத் தாயோ தந்தையோ கூடவே பார்த்தால், அவர்கள் கண்ணை எடுத்த பிறகும் குழந்தை அந்தப் பொருளில் நீண்ட நேரம் நிலைக்கிறது. 'என் பிள்ளைக்குக் கவனமே நிக்கலை' என்று கவலைப்படுகிறவர்கள் இந்த முடிவை ஒருமுறைக்கு இருமுறை படிக்கலாம்.

கைபேசி வந்த பிறகு இதில் புதுச் சிக்கல். அமெரிக்காவில் 2017இல் வெளிவந்த ஆய்வில், தாய்மார்கள் தங்கள் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு புதுச் சொற்களைக் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு சொல்லைக் கற்றுக் கொடுக்கும்போது நடுவில் போன் வந்தது, மற்றதன்போது வரவில்லை. சொல்லைச் சொன்ன எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. போன் குறுக்கிட்ட சொல்லைக் குழந்தைகள் கற்கவில்லை. தாய் அங்கேயேதான் இருந்தார், திரும்பவும் சொல்லிக் கொடுத்தார். நடுவே அறுந்த சில விநாடிகள் போதுமானதாக இருந்தன.

இதைச் சொல்லிவிட்டு எல்லாத் தாய்மார்களையும் தரையில் உட்காரச் சொல்வது அநியாயம். முதலாவது, ஒரு மணி நேரம் ஒரு குழந்தையின் பின்னால் நடப்பது அலுப்பூட்டும் வேலை. அதில் இன்பம் ஊறிக்கொண்டே இருக்கும் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைச் செய்யாதவர்கள். இரண்டாவது, ஒரு பெரியவர் ஒரு குழந்தையையே கவனித்துக்கொண்டிருப்பதுதான் சிறந்த வழி என்பது உலகம் முழுவதற்குமான உண்மையும் இல்லை. பார்பரா ரோகோஃபும் சகாக்களும் 1993இல் நான்கு இடங்களை ஒப்பிட்டார்கள்: குவாத்தமாலாவின் சான் பெத்ரோ என்ற மாயா இனத்தவரின் ஊர், துருக்கியின் ஒரு நகர்ப்புறப் பகுதி, இந்தியாவில் ஒரு பழங்குடிக் கிராமம், அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி. அமெரிக்கக் குழந்தைகள் ஒன்றை விட்டு ஒன்றாக மாறி மாறிக் கவனித்தார்கள். சான் பெத்ரோவில் குழந்தைகளும் தாய்மாரும் ஒரே நேரத்தில் பல காரியங்களில் கண் வைத்திருந்தார்கள். பெரியவர்களின் வேலைக்கு நடுவிலேயே குழந்தை இருக்கிறது, பார்த்துக் கற்கிறது. நம் கிராமங்களில் நெல் உலர்த்தும் களத்திலும், தறிக்கு அருகிலும், பூக்கட்டும் திண்ணையிலும் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே யாரும் குழந்தைக்காக வேகத்தைக் குறைக்கவில்லை. குழந்தை பார்க்கும் தூரத்தில் வேலை நடந்தது, விரட்ட ஆளில்லை. குழந்தையைப் பின்தொடரும் வழிக்கும் இந்த வழிக்கும் பொதுவானது அந்த விரட்டாமைதான்.

இன்று அந்த வேலைகள் குழந்தை புகமுடியாத கட்டடங்களுக்குப் போய்விட்டன. வீட்டில் மிஞ்சியிருக்கும் நேரமும் சமமாகப் பங்கிடப்படவில்லை. 2019இல் தேசிய புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். குடும்பத்தினரைப் பராமரிப்பதில் ஈடுபட்ட பெண்களுக்கு 134 நிமிடம், ஆண்களுக்கு 76 நிமிடம். அப்படி ஈடுபட்டவர்களும் பெண்களில் 27.6 சதவீதம், ஆண்களில் 14 சதவீதம். ஐந்து மணி நேரம் வீட்டு வேலை செய்தவரிடம் போய் நிதானமாக எறும்பைப் பாருங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அதைச் சொல்ல வேண்டிய ஆள், பல வீடுகளில், சோபாவில் உட்கார்ந்து போன் பார்க்கிறார்.

நேரம் இருந்தாலும் இடம் வேண்டும். ஒரு வயதுக் குழந்தை நாளுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைக்க வேண்டும், ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளுவண்டியிலோ முதுகிலோ கட்டி வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. நம் தெருவில் அந்த 180 நிமிடத்தில் எத்தனை நிமிடத்தைக் கழிக்க முடியும்? நெதர்லாந்தைச் சேர்ந்த பெர்னார்ட் வான் லீர் அறக்கட்டளை 2016இல் 'அர்பன்95' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆரோக்கியமான மூன்று வயதுக் குழந்தையின் சராசரி உயரம் 95 சென்டிமீட்டர். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் உங்கள் ஊரில் எதை மாற்றுவீர்கள் என்பதுதான் மேயர்களிடமும் பொறியாளர்களிடமும் அது கேட்கும் கேள்வி. இந்தியாவில் புனே, உதய்பூர், புவனேஸ்வர் நகரங்கள் இதில் சேர்ந்தன.

அந்த உயரத்தில் நம் தெருவில் தெரிவது பைக்கின் சைலன்சர், நிறுத்திய காரின் பம்பர், நாயின் முகம், மூடியில்லாத கால்வாய். நடைபாதை இருந்தால் அதன் மேல் டிரான்ஸ்பார்மரும் பழவண்டியும். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொள்வது பல தெருக்களில் அவசரத்தால் மட்டும் நடப்பதில்லை; இறக்கிவிட இடமில்லை. பொறுமையைப் பற்றிப் பெற்றோருக்குப் பாடம் எடுப்பவர்கள் முதலில் உள்ளாட்சிப் பொறியாளருக்கு எடுக்கட்டும்.

உங்கள் கைபேசியை 95 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்துக்கொண்டு, வீட்டு வாசலிலிருந்து பக்கத்து அங்கன்வாடி வரை ஒரு வீடியோ எடுங்கள். செலவு ஒன்றுமில்லை. அடுத்த கிராம சபையிலோ ஏரியா சபையிலோ வார்டு உறுப்பினரிடம் அதைப் போட்டுக் காட்டி, இந்த வழியில் ஒரு குழந்தை தன் காலால் நடந்து போக என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.